விட்டுவிடு

3.11.2004, புதன்

இன்று இருபத்தேழு சொற்கள். லினக்ஸ் கணினியின் மேசைத்தளத்தை, அதாவது திரையில் தெரியும் சொற்களை, தமிழாக்கும் குழுவில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. நோட்டில் எண் போட்டு எழுதி, மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். மொழிபெயர்த்தவர் பெயர் கேட்கும் இடத்தை இன்றும் காலியாகவே விட்டேன். பெயர் இருந்தால், தப்பு வரும்போது ஆளைத் தேடி வருவார்கள்.

மனைவி ஜெயமேரிக்குச் சிரிப்பு. “முப்பத்தாறு வருசம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தது பத்தலை, இப்ப மிசினுக்குத் தமிழ் டியூசனாக்கும்!”

9.11.2004, செவ்வாய்

கணினிக் கடை வாஜித்துடன் அய்யலூர் ஆடு வளர்ப்போர் சங்கத்துக்குப் போனேன். அவர் அங்கே போட்டுக் கொடுத்த கணினியில் என் தமிழ் ஓடுகிறது! தட்டச்சு செய்யும் ஆனந்தமேரி, ஆட்டுக்கொல்லி நோய் ஊசிக்காக உறுப்பினர் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள். ஊர், பெயர், எத்தனை ஆடு. திரைக்குள் மேசை என்று பெயரிட்ட நான்கு பக்கங்கள் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம்.

“பட்டியல் மூணாவது மேசையில இருக்கு சார். மூடுறதே இல்ல. மூடுனா பெறகு தேடணும்ல?”

நானும் தலையாட்டினேன். சேமித்தாயா என்று கேட்க வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

16.11.2004, செவ்வாய்

வாஜித் வந்து சொன்னார். தீபாவளி விடுமுறைக்கு ஆனந்தமேரி கணினியை அணைத்திருக்கிறாள். பட்டியலை என்ன செய்வது என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டிருக்கிறது. ஏதோ ஒன்றை அமுக்கியிருக்கிறாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், எட்டு நாள் உழைப்பு, ஒன்றுமில்லை. ஊசி முகாமுக்குப் பதினைந்து நாள்கூட இல்லை. அவள் பட்டியலை அடிக்கவே இல்லை, பொய் சொல்கிறாள் என்கிறார்களாம் சங்கத்தில். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள்.

“எதை அமுக்குனான்னு கேட்டேன் சார். ‘விட்டுவிடுன்னு இருந்துச்சுண்ணே, இருந்தது இருக்கட்டும்னு அமுக்குனேன்’ங்குறா.”

வாஜித் போன பிறகு நோட்டைத் திறந்தேன். எண் 212. டிஸ்கார்ட் (வேண்டாமென்று எறிதல்) — விட்டுவிடு. என் கையெழுத்து.

17.11.2004, புதன்

புகை பிடிப்பதை விட்டுவிடு — நான் நினைத்தது இது. பாவம், அவனை விட்டுவிடு — அவள் படித்தது இது. மூன்று முறை சரிபார்த்தேனே! மூன்று முறையும் நானேதானே படித்தேன்?

யாழ்ப்பாணத்தில், சிங்கப்பூரில் யார் யார் இதே சொல்லை அமுக்கினார்களோ.

18.11.2004, வியாழன்

எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வாஜித்துக்குக்கூட 212 என்னுடையது என்று தெரியாது என்றேன் ஜெயமேரியிடம். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

“பேரு போடாம வச்சது இதுக்குத்தானா?”

19.11.2004, வெள்ளி

அய்யலூர் போகக் கிளம்பி, பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். மழை என்று சொல்லிக்கொண்டேன். மழை இல்லை.

குழுவுக்கு மட்டும் கடிதம் அனுப்பினேன்: 212 தவறு, மாற்ற வேண்டும். அதற்குப் பதில் என்ன சொல் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை.

22.11.2004, திங்கள்

போனேன்.

சங்கத் தலைவி ரம்ஜான் பீவி, இருபது பெண்கள், சுவரோரம் ஆனந்தமேரி. அழுது முடித்த முகம். எழுந்தேன். நோட்டைப் பிரித்து, 212-இல் விரலை வைத்து, தலைவியிடம் நீட்டினேன்.

“இது யாரு எழுத்து?”

“என்னுடையது. அதை அமுக்கினால் எல்லாம் அழிந்துவிடும். அப்படி எழுதத் தெரியவில்லை எனக்கு.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “விட்டுவிடு... விட்டுவிடுன்னா விட்டுறதுதானே? நானும் இதைத்தான அமுக்கியிருப்பேன்!” பின்னாலிருந்து ஒருத்தி, “வாத்தியாரே, ஆட்டை விட்டுவிடுன்னா மேயவா, அறுக்கவா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தமேரி சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ள ஆனந்தமேரி, நீ உன் நாற்காலியில போய் உக்காரு,” என்றார் தலைவி. “சார், தப்பு உங்களுது. அவ அடிக்கட்டும், நீங்க கூட இருந்து பேரை வாசிங்க. முகாமுக்குள்ள முடியணும்.”

24.11.2004, புதன்

காலை முதல் உறுப்பினர் சந்தா ரசீதுக் கட்டுகளிலிருந்து நான் வாசிக்க, அவள் அடித்தாள். நூற்று நாற்பது பெயர்கள். ஒவ்வொரு பத்துக்கும், “சேமிச்சாச்சா சார்?” என்று அவளே என்னைக் கேட்டாள். அதற்கு மேல் பேசவில்லை.

மாலையில் அணைக்கும்போது பெட்டி வந்தது. புதிய சொல் இன்னும் வரவில்லை, பழையதுதான். சேமி, விட்டுவிடு, ரத்து. அவள் நிதானமாகத் திரையின் ஓரத்தைக் காட்டினாள். ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பசை போட்டு ஒட்டியிருந்தாள்:

விட்டுவிடு — இத அமுக்குனா எல்லாம் போயிரும்.

பையிலிருந்து நோட்டை எடுத்து 212-ஐக் கோடு போட்டு அடித்தேன். “ஆனந்தமேரி, அதை ஒரு தடவை சொல்லும்மா,” என்றேன். சொன்னாள். 212-க்கு எதிரே எழுதிக்கொண்டேன்.