நாளின் முதல் கால் மட்டும் சரியாக வரும் இயந்திரம் குறித்து

அனுப்புநர்:
மூத்த பொருத்துநர்,
செயற்கைக் கால் பணிமனை, கீழ்த்தளம்,
அரசு மறுவாழ்வு மருத்துவமனை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு மறுவாழ்வு மருத்துவமனை.
(துணை இயக்குநர் அலுவலகத்தின் வழியாக அல்லாமல், நேரில் ஒப்படைக்கப்படுகிறது.)

பொருள்: கிண்ணம் செதுக்கும் மென்பொருளின் பழைய கம்பைலரைச் சோதித்துப் பார்க்காமல் ஒரே பிற்பகலில் மாற்றியது – அதனால் இருபத்தேழு பேருக்குக் கிண்ணம் இறுக்கமாக அமைந்தது – பழியை என் கைகளின் மீது போட்ட குறிப்பாணையை நீக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. துணை இயக்குநர் (தொழில்நுட்பம்) அவர்களின் குறிப்பாணை, நாள் பிப்ரவரி 20.
2. நிரலரின் அறிக்கை. "மொழி கடுமையாக உள்ளது" என்ற ஒற்றை வரியுடன் மார்ச் 4 அன்று திருப்பப்பட்டது.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இம்மனு நீளமானது. இதே பொருள் பற்றிச் சுருக்கமாக எழுதிய மூன்று கடிதங்களும் துணை இயக்குநர் அவர்களின் மேசையைத் தாண்டவில்லை. ஆகவே இம்முறை சுருக்கத்தை விட்டுவிட்டேன்.

1. நான் இப்பணிமனையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பொருத்துநராக இருக்கிறேன். கால் இழந்தவரின் மீந்த காலை ஒரு கைக்கருவியால் அளக்கிறோம். அந்த அளவுகளை வாங்கும் மென்பொருள், எங்கே எவ்வளவு இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று கணக்கிட்டுச் செதுக்கும் இயந்திரத்துக்குச் சொல்கிறது. இயந்திரம் செதுக்கித் தரும் அச்சின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்து, மீந்த கால் உட்காரும் கிண்ணத்தை நான் செய்கிறேன். பொருத்திப் பார்த்து, நடக்கவிட்டு, சான்றில் கையொப்பமும் இடுகிறேன். என் கையொப்பம் இல்லாமல் ஒரு காலும் வாசலைத் தாண்டாது.

2. அந்த மென்பொருள் பதினேழு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. நிரலர் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும் வடிவில் மாற்றித்தரும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். எங்களிடம் இருந்த கம்பைலரும் அதே வயதுடையது. தயாரித்த நிறுவனம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. கிடங்கில் இருந்த ஒரே ஒரு பழைய கணினியில் மட்டுமே அது ஓடும். நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்பது ஒரு நாற்காலியும் அதில் அமர்ந்திருக்கும் ஒரு நிரலரும்தான். அவரை நாங்கள் "ஒத்தையாள்" என்று அழைப்போம். அந்தக் கணினி மூச்சுவிடும்வரை தன் வேலையும் ஓடும் என்று அவர் சொல்வார்.

3. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். புதிய கம்பைலருக்கு மாறலாம். அதற்கு மூன்று வாரம் வேண்டும். பழைய நோயாளிகள் அறுபது பேரின் அளவுகளும் அவற்றுக்குப் பழைய மென்பொருள் தந்த விடைகளும் கைவசம் உள்ளன. புதியதையும் அதே அளவுகளில் ஓட்டி, விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே நோயாளிக்குப் பயன்படுத்தலாம். இவ்வளவே அவர் கேட்டது.

இதை முடிவு செய்ய எழுவர் குழு கூடியது. துணை இயக்குநர் அவர்கள் கோரிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டாமலே, "ஓடுறது ஓடட்டும், அதை எதுக்கு நோண்டணும்?" என்று கேட்டார்கள். மென்பொருள் பற்றி அவர்கள் உதிர்த்த கருத்துகளில் மிக நீளமானது அதுதான். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். ஏழு கைகளும் உயர்ந்தன.

ஏழில் ஒன்று என்னுடையது. வெளியே பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். மூன்று வாரம் இயந்திரத்தைப் பங்குபோட எனக்கு மனமில்லை. ஒத்தையாள் என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டேன். இம்மனுவில் பிறர் மீது நான் வைக்கும் ஏளனத்தில் எனக்கும் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

4. சென்ற டிசம்பரில் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆதரவு நின்றுபோன பழைய கருவிகள் அனைத்தையும் ஜனவரி 10-க்குள் மாற்றி, "முடிந்தது" என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்ப வேண்டுமாம். நான்கு ஆண்டு பழமையைக் காத்து நின்ற துணை இயக்குநர் அவர்கள் ஒரே வாரத்தில் புதுமையின் காவலர் ஆனார்கள். ஒத்தையாள் அதே மூன்று வாரச் சோதனையை மறுபடியும் கேட்டார். "நீங்க ரெண்டு நாள் லீவ் போட்டு ரெஸ்ட் எடுங்க" என்பது கிடைத்த பதில்.

ஜனவரி 9 வெள்ளியன்று வெளி நிறுவனத்தின் ஆட்கள் இருவர் மதியம் இரண்டு மணிக்கு வந்தார்கள், நாலரைக்குப் போய்விட்டார்கள். புதிய கம்பைலர் அந்த இரண்டரை மணி நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளைத் திரையில் காட்டியிருக்கிறது. அவர்கள் ஒன்றையும் படிக்கவில்லை. எச்சரிக்கையே காட்டாதிருக்கும்படி அமைத்துவிட்டார்கள். அதன் பின் திரை துப்புரவாக இருந்தது என்பது மெய்தான். பழைய கணினி அன்றே ஏலப் பட்டியலில் ஏறியது.

5. திங்கள் காலை திறப்பு விழா. பூங்கொத்தும் புகைப்படக்காரரும் வந்தார்கள். அவ்வளவு நாளும் துணை இயக்குநர் அவர்கள் எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்ததே இல்லை என்பதால், கழிப்பறை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார்கள். அன்றைய முதல் கிண்ணம் செதுக்கப்பட்டது. மிகச் சரியாக இருந்தது. கைதட்டினோம். இரண்டாவது கிண்ணம் வருமுன் விருந்தினர் கிளம்பிவிட்டார்கள்.

அந்த இரண்டாவது கிண்ணம் நான்கு மில்லிமீட்டர் குறுகலாக வந்தது. புதிதாக வந்த பிளாஸ்டிக் சுருங்குகிறது என்று நினைத்தேன். சூடேற்றி விரித்து, அரத்தால் தேய்த்துச் சரிசெய்தேன். கிடங்குக்காரரிடம் சண்டையும் போட்டேன். பாவம், அவருக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

6. பிப்ரவரி 25 வரை ஐம்பத்தெட்டுக் கிண்ணங்கள் செய்தோம். அவற்றில் முப்பத்தொன்று சரி. இருபத்தேழு குறுகல். பத்தொன்பதை நான் கையாலேயே திருத்திவிட்டேன். எட்டு என் கண்ணுக்குத் தப்பின. குறுகல் ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ இருந்தால், பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்ப்பதில் தெரியாது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் இஸ்திரிக் கடை வைத்திருப்பவர். நாளுக்கு ஒன்பது மணி நேரம் நின்றே வேலை செய்பவர். ஜனவரி 19 அன்று கிண்ணம் பெற்றவர் பிப்ரவரி 2 அன்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தைக் கழற்றியபோது, காலில் மாட்டியிருந்த துணி உறையோடு தோலும் வந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கம்ப்யூட்டர் போட்ட அளவு தப்பா இருக்குமாம்மா? நான்தான் தடிச்சுட்டேன்னு நினைச்சேன். அதான் ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டேன்."

பதினான்கு நாள் அந்த மனிதர் பட்டினி கிடந்திருக்கிறார். ஒரு மென்பொருளின் அளவுக்குத் தன் உடம்பைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். அவருடைய மனைவி கிண்ணத்தைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். அறுவை மருத்துவர் முழங்காலுக்கு மேலே மறுபடி வெட்ட வேண்டிவரலாம் என்றார். இதுவரை வெட்டவில்லை, புண் மெல்ல ஆறிவருகிறது. இப்போது கடையில் மனைவி நிற்கிறார், அவர் உட்கார்ந்து துணி மடிக்கிறார்.

7. இதைத் துணை இயக்குநர் அவர்களுக்கு எழுதினேன். பதிலாகப் பார்வை ஒன்றில் கண்ட குறிப்பாணை வந்தது. இயந்திரத்தில் பிழை இருந்தால் எல்லாக் கிண்ணங்களும் பிழையாக வந்திருக்க வேண்டும் என்றும், பாதிக்கு மேல் சரியாக வந்திருப்பதால் பிழை "பொருத்துநரின் வயது சார்ந்த கைத்தளர்ச்சி" என்றும் அதில் ஆய்ந்து சொல்லப்பட்டிருந்தது. என் வயது ஐம்பத்து நான்கு. ஆய்ந்தவரின் வயது ஐம்பத்தேழு.

அன்று வீட்டில் ஒரு தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா பண்றே?" என்றாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனாலும் என் கையை நான் நம்புவதற்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் ஒவ்வொரு கிண்ணத்தையும் மூன்று முறை அளந்தேன். குறிப்பாணை சாதித்த ஒரே காரியம் அதுதான்.

8. அப்படி அளந்ததில்தான் ஒன்று புலப்பட்டது. நாளின் முதல் கிண்ணம் எப்போதும் சரியாக இருந்தது. குறுகியவை எல்லாம் அதற்குப் பின் வந்தவை. ஒத்தையாளிடம் போய்ச் சொன்னேன். நான்கு ஆண்டுக்கு முன் நான் கை தூக்கியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரே காலின் அளவைத் தொடர்ந்து மூன்று முறை செதுக்கச் சொன்னார். முதலாவது சரி. மற்ற இரண்டும் குறுகல். எழுந்து போனவர் மாலையில் திரும்பி வந்து விளக்கினார்:

"அக்கா, இறுக்கத்துக்கான அளவை வைக்கிற இடத்துக்குத் தொடக்கத்துல ஒண்ணும் எழுதாம விட்டிருக்காங்க. பழைய கம்பைலர் அதைத் தானாவே பூச்சியம் ஆக்கிரும். புதுசு அப்படிச் செய்யாது. செய்யணும்னு கட்டாயமும் இல்லை. முன்னாடி வந்தவரோட அளவு அங்க கிடந்தா அதையும் சேர்த்துக்கும். காலைல மெஷினைப் போட்டதும் வர்ற முதல் ஆளுக்கு மட்டும் இடம் சுத்தமா இருக்கும். இதைப் புதுசு அன்னிக்கே கத்திச் சொல்லியிருக்கு. முந்நூத்திப் பன்னிரண்டுல அதுவும் ஒண்ணு. இவங்கதான் வாயைப் பொத்திட்டாங்க."

இஸ்திரிக்காரருக்கு முன் அன்று அளவு கொடுத்தவர் ஒரு பள்ளிப் பிள்ளை. சிறுமியின் கால் அளவில் மீந்தது ஒரு பெரிய மனிதரின் காலை நெரித்திருக்கிறது.

9. திருத்தம் ஒரே ஒரு வரி. பிப்ரவரி 28 சனிக்கிழமை, விடுமுறை நாளில், நானும் அவரும் அந்த வரியைச் சேர்த்து ஒரு தனிக் கணினியில் ஓட்டினோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட அதே அறுபது கால்கள். அறுபதும் பழைய விடைகளோடு பொருந்தின. மற்ற எச்சரிக்கைகளையும் அவர் அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். தீங்கு தரக்கூடியவை இன்னும் இரண்டு இருந்தன.

ஆகவே புதிய கம்பைலர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேண்டும், நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வேண்டியிருந்தது. பழையதிலேயே இருந்திருந்தால் அந்தக் கணினி சாகும் நாளில் எல்லோருமே நின்றுபோயிருப்போம். மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு அன்று சோம்பலும் இன்று அவசரமும் பதில் சொல்லின. அந்த மென்பொருளைத் திறந்து பார்த்த ஒரே ஆளின் பேச்சை மட்டும் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

10. இதை விளக்கி ஒத்தையாள் எழுதிய அறிக்கைதான் பார்வை இரண்டில் கண்டபடி திரும்பி வந்தது. திருத்தத்தை நிறுவ இன்றுவரை அனுமதி இல்லை. வெளியாள் கைவைத்தால் நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடுமாம். பதினோரு ஆண்டுகளாக இங்கேயே வேலை பார்க்கும் ஒத்தையாள்தான் அந்த வெளியாள். நிறுவனமே வந்து திருத்த வேண்டுமென்றால், பிழை உள்ளது என்று துணை இயக்குநர் எழுதித்தர வேண்டும். "முடிந்தது" என்று தலைமையகத்துக்குக் குறியிட்டு அனுப்பியவர் அதை எழுதமாட்டார். "நான் எழுதிக்கொடுத்தா, முன்னாடி எழுதினது பொய்னு ஆயிடாதா?" என்று என்னிடமே கேட்டார்கள். ஆம் என்று நான் சொன்னது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் ஒவ்வொரு நோயாளிக்கு முன்பும் இயந்திரத்தை முழுதாக அணைத்து, மறுபடி போட்டு, ஒன்பது நிமிடம் காத்திருக்கிறோம். சென்ற வெள்ளி முதல் அதற்கும் தடை. அடிக்கடி அணைப்பது புதிய மென்பொருள் பற்றித் தவறான எண்ணத்தை ஏற்படுத்துகிறதாம்.

எனவே, அம்மையீர், கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்: அந்த ஒரு வரித் திருத்தத்தையும் உடனுள்ள இரண்டையும் உடனே நிறுவ வேண்டும். எச்சரிக்கைகள் மறுபடி திரையில் தெரிய வேண்டும். இனி எந்தக் கருவியை மாற்றினாலும் அறுபது கால்களின் விடையும் பொருந்திய பிறகே நோயாளியின் காலைத் தொட வேண்டும். அந்த முடிவில் ஒத்தையாளின் கையொப்பம் இருக்க வேண்டும். இறுக்கமான கிண்ணம் பெற்ற எட்டுப் பேரையும் அழைத்து, காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இஸ்திரிக்காரரிடம் அவர் தடிக்கவில்லை என்பதை மருத்துவமனையின் முத்திரையோடு எழுத்தில் தர வேண்டும். நான் வாயால் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. என் கைகள் பற்றிய குறிப்பாணையை இவையெல்லாம் முடிந்த பின் நீக்கினால் போதும்.

அணைத்துப் போட அனுமதியில்லாத இயந்திரத்தில் வரும் கிண்ணங்களில், நாளின் முதலாவதைத் தவிர வேறு எதற்கும் நாளை காலை முதல் நான் பொருத்தச் சான்று தரமாட்டேன். காத்திருப்பவர்களுக்குக் காரணத்தை நானே சொல்வேன். இதற்காக என் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் உத்தரவிடும்வரை, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் சான்று மறுக்கப்போகும் கையால் நான் இட்ட கையொப்பம் கீழே உள்ளது.

இணைப்பு: அறுபது கால்களின் ஒப்பீடு, எட்டு நோயாளிகளின் பட்டியல், முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள், முழுவதும்.

நாள்: மார்ச் 9
இடம்: செயற்கைக் கால் பணிமனை, கீழ்த்தளம்

(கையொப்பம்)
மூத்த பொருத்துநர்