சிலைக்கு முட்டாக நின்ற கட்டை

நீ கொடுத்த அந்தப் படத்தைக் கணக்கு நோட்டின் அட்டைக்குள்ளிருந்து இன்று எடுத்தேன். உங்கள் கொடிக்கால் வெற்றிலையின் வாசம் தாளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. "செத்த புள்ளயோட சாமானம் ஊட்டுல இருக்கக் கூடாது சாமி" என்று, நீ தந்த ரிப்பனை அம்மா ஆற்றில் விட்டுவிட்டாள். இந்தப் படம் அவளுக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படத்தில் வட்டு எறியும் கிரேக்க வீரனின் சிலை. வெண்கலத்தில் செய்த முதல் சிலை அழிந்துபோனது, இது ரோமானியர் பளிங்கில் செய்த நகல் என்று கீழே போட்டிருக்கிறது. அப்போது நம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இல்லை. அவனைப் பார்த்தே நீ குனிந்தாய், உடம்பை முறுக்கினாய், அவனைப் போலவே தலையைத் தரைக்குத் தொங்கவிட்டாய். கொடிக்கால் ஓரம் நீ வட்டை எறிவாய். நான் ஓடிப்போய் எடுத்து வருவேன்.

புது சார் வந்து பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, கம்மல் கீழ உழுந்துருச்சா?" படத்தைக் காட்டினோம். அவர் செல்போனில் அதே சிலையின் இன்னொரு நகலைக் காட்டினார். அதில் தலை வட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நம்முடையது உடைந்த சிலையாம்; ஒட்டியவர்கள் தலையைத் தப்பாக வைத்துவிட்டார்களாம்.

"ரண்டு வருசமா தப்புத் தலையோட எறிஞ்சிருக்கறேன் புள்ள" என்று நீயும் சிரித்தாய்.

வீரனின் காலுக்குப் பின்னால் மரக்கட்டை எதற்கு என்று கேட்டாய். வெண்கலம் தானாக நிற்கும், பளிங்கு கணுக்காலில் முறிந்துவிடும், அதனால் முட்டு என்றார் சார். நீ என் தோளைத் தட்டினாய். "அப்ப நீதான் என்ற கட்டை. நகந்தறாத."

நான் நகரவில்லை. நான்கு நாள் காய்ச்சலில் நீதான் போனாய்.

நாளை நாமக்கல்லில் போட்டி. பட்டியலில் உன் பெயரை அடித்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள். தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டேன். கால்தான் கேட்கவில்லை. எறிந்த மறுநொடியே வட்டை எடுக்க, நின்று எறியும் வளையத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது. "முன்னால ஓடுனா ஃபவுல். மூணு தடவையும் ஓடுனீங்கன்னா அவ்வளவுதான் அம்மிணி" என்கிறார் சார்.

பயமாக இருக்கிறது. ஓடினால் உன் இடத்தைத் தொலைத்துவிடுவேன். ஓடாமல் நின்றால், எறிந்தது நீ இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இப்போதும், எழுதி முடிக்கும் முன்பே, போர்வைக்குள் என் கால்கள் ஓடப் பார்க்கின்றன.