மகளின் வகுப்பு திரையில் வந்த நாள்

அக்டோபர் 3

விறகெடுக்கக் குனிந்தபோது கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. ஒஹாயோவில் ஒரு வகுப்பே திரையில் பார்த்துச் சிரித்தது. நான் வேஷம் கட்டும் அடிமை பாம்பி 1771-இல் பூப்போட்ட உள்ளாடை போட்டிருந்தானா என்று எந்த ஆசிரியர் எழுதிக் கேட்கப்போகிறாரோ.

நல்ல பிழைப்பு இது. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே வர்ஜீனியாவின் இந்தப் பழைய புகையிலைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். நாங்கள் 1771-ஐ விட்டு வெளியே வராமல் பதில் சொல்ல வேண்டும். வேஷத்தில் வெள்ளைக்காரன் கிளைட் எசமான், நான் அவன் சொத்து. வேலை முடிந்ததும் எசமான்தான் தன் வண்டியில் என்னை வீட்டில் கொண்டுவந்து விடுகிறான்.

அக்டோபர் 11

ஜோனெல் வகுப்பும் இதில் சேர்ந்திருக்கிறதாம். இருபத்து நாலாம் தேதி. அந்த வகுப்பில் கறுப்புப் பிள்ளை என் மகள் ஒருத்திதான்.

"அன்னைக்கு நீ லீவு போட்டுடுப்பா," என்றாள்.

"ஏன், என் நடிப்பு அவ்வளவு மோசமா?"

சிரிக்கவில்லை. "கிளைட் மாமா உன்னை அதட்டுவாருல்ல. எல்லாரும் அதைப் பாப்பாங்க. அப்புறம் திரும்பி என்னைப் பாப்பாங்க."

பள்ளியோடு படிப்பை முடித்த மூளை. லீவு கேட்கிறேன் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

அக்டோபர் 12

லீவு கிடைக்கும் என்றார் மேலாளர். ஆனால் அடிமைச் சமையற்காரியாக நடிக்கும் வெர்னாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. நானும் இல்லையென்றால் கிளைட் மட்டும் தனியாகத் தோட்டத்தைக் காட்டுவான்.

வீட்டில் சொன்னேன். மனைவி ரோண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ புகையிலை தானா முளைச்சு, தானா காஞ்சு, தானா கப்பல் ஏறுச்சுன்னு பிள்ளைங்க நெனச்சுக்கட்டும்."

அக்டோபர் 16

வேலைக்குப் போவேன் என்று ஜோனெலிடம் சொல்லிவிட்டேன். கதவை அடித்துச் சாத்தியிருக்கலாம். மெல்லச் சாத்தினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 19

இன்னும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் நாயிடம் சொல்கிறாள். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

அக்டோபர் 24



வழக்கம் இதுதான் — கிளைட் வந்து அதட்டுவான். யாராவது "ஏன் ஓடிப்போகலை?" என்பார்கள். கேட்காத வகுப்பே இல்லை. எசமான் நிற்கும்வரை "எனக்கென்னங்க குறை" என்பேன். அவன் போனதும் கதவைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்வேன்.

இன்று திரையில், கடைசி வரிசையில் ஜோனெல். பார்த்ததும் கிளைட்டுக்கு அதட்ட மனம் வரவில்லை. அவளுக்கு சைக்கிள் பழக்கியவன் அவன். "பாம்பி, தயவுசெஞ்சு கொஞ்சம் விறகு போடுறியா?" என்றான். தோளில் வேறு தட்டினான். போகவேண்டிய நேரத்தில் போகாமல் அங்கேயே நின்றான்.

ஒரு பையன் மைக்குக்கு வந்தான். "உங்க எசமான் நல்லவராத்தானே இருக்காரு. அப்புறம் என்ன கஷ்டம்?"

போயேன்டா வெளியே, கிளைட். அசையவில்லை பாவி. அவன் நிற்கும்போது பாம்பி எப்படி வாயைத் திறப்பான்? 'குறையில்லை' என்று மகள் முன்னால் சொல்வதா? வேஷத்தைக் கலைத்துவிடலாமா? இன்னொரு விறகை அடுப்பில் செருகினேன்.

ஜோனெல் எழுந்து வந்தாள். பையனை நகரச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை, கிளைட்டைப் பார்த்தாள்.

"பாம்பிக்கு ஒரு பொண்ணு இருந்தா, அவ யாருக்குச் சொந்தம்?"

1771-இல் அதற்கு ஒரே பதில்தான். கிளைட் அதைத்தான் சொன்னான்.

"எனக்கு."

"அவளை விப்பீங்களா?"

"தேவைன்னா... விப்பேன்."

"பாம்பியைக் கேட்டுட்டு விப்பீங்களா?"

"இல்லை."

அந்தப் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். அதை நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 25

"நேத்து உன் கை நடுங்குச்சுப்பா." நாயிடம் இல்லை, என்னிடம்.

"குளிரு."

"அடுப்புக்குப் பக்கத்துலயா?"

அக்டோபர் 29

ஞாயிறு. கிளைட் சாப்பிட வந்தான். ஜோனெலின் முகத்தைப் பார்க்க முடியாமல் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

அவளே அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, அடுத்த தடவை அப்பாவை நல்லாவே அதட்டுங்க. நீங்க பாவம் பாத்தா கிளாஸ்ல பாக்குறவங்களுக்குப் புரியாது."

கிளைட் தலையாட்டினான். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அவன் தட்டிலிருந்த கோழியை நானும் ஜோனெலும் பங்கு போட்டுக்கொண்டோம். பெரிய துண்டு அவளுக்குத்தான்.