விதைநெல்லின் சிவப்புக் கோடு

செட்டிகுளம்

அன்புக் கணவருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கால்வலி குறைந்ததா? எனக்குச் சுகந்தான்.

நேற்று ஆலையில் சின்னப் பதற்றம்; பயப்படாதீர்கள். நெல் காயவைக்கும் மெசினின் சூட்டை ஒரு பெட்டி பதிகிறது. சோற்றுநெல்லுக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்றாக அளவுகளை அதில் ஃபைலாக வைத்திருக்கிறார்கள். விதைநெல் உள்ளே கிடக்க, பெட்டித் திரையின் சிவப்புக் கோடு மிக மேலே நின்றதைத் தரை கூட்டிக்கொண்டிருந்த நான் கண்டேன்.

"தம்பி பிரசாந்தன், இது சோத்துநெல் ஃபைல். விதை அவிஞ்சு முளைக்காமப் போகும்!" என்று கத்தினேன்.

"கூட்டுற உங்களுக்கு இதுவும் விளங்குமோ, அம்மா?" என்று சிரித்த மெசின்காரன், பார்த்ததும் பாய்ந்து மாற்றினான். இப்போது ஃபைல்களுக்கு இலக்கத்தை விட்டுப் பெயர் போட்டிருக்கிறான். உம்மம்மா நான் ஐந்தாம் வகுப்பென்றாலும் கெட்டிக்காரி என்று பேத்தி றுமானாவிடம் சொல்லுங்கள். அவள் படுக்கும் தலையணை உறையைக் கழுவாமலே, அவள் வாசம் போகாமல், இந்தக் கடிதம் கொண்டுவரும் லொறிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

லொறி புறப்படுகிறது. அந்த விதையில் ஒரு மூட்டை நம் வயலுக்கும் வருகிறது. முளைத்த அன்றே எழுதுங்கள்.

ஸுஹறா