திரும்பி வந்த விமானம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். பத்து நாளாக வேலையில் மனம் நிலைகொள்ளவில்லை. பயப்படும்படி எதுவுமில்லை. லீவு முடிந்து கிளம்பிய அன்று நான் ஏறிய மலிவு டிக்கெட் விமானம், ஏதோ கோளாறு என்று அரை மணி நேரத்தில் நம்மூருக்கே திரும்பிவிட்டது. குடிதண்ணீரைக்கூட விற்கிறவர்கள், இந்தச் சுற்றுக்குக் காசு கேட்கவில்லை!

அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தது. பக்கத்து இருக்கையில் வந்த கொத்தனார், "வீடு பக்கந்தானே, ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்" என்றார். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுவரை வந்து, அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன்.

"இன்னும் கிளம்பலையா? இவ இப்பத்தாங்க அழுது ஓய்ஞ்சு தூங்குறா" என்றாய்.

"லேட்டாம். இதோ ஏறப்போறேன்" என்று சொல்லிவிட்டேன். அவளை மறுபடி அழவிட்டுக் கிளம்ப எனக்குத் தெம்பில்லை. ஆறு மணி நேரமும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன். இங்கே பட்டறையிலும் அப்படித்தான் நடக்கிறேன் போலிருக்கிறது. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்கிறார் மேஸ்திரி.

ஒழுகும் குழாய்க்கு பிளம்பரைக் கூப்பிடு. பாப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு. என்னைத் திட்டினாலும் சரி, நீளமாக இருக்கட்டும்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. கோபத்தில் போனை எடுக்காமல் இருந்துவிடாதே. இன்னொரு முறை விமானம் திரும்பினால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவள் அழுதால் மூன்று பேருமாக அழுதுகொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்