நீங்கள் திருப்பாத படகு

அலமாரியின் மேல்தட்டைத் துடைக்க ஸ்டூலில் ஏறினேன். பழைய போர்வையை இழுத்ததும் உங்கள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் என் முகத்தின் மேலேயே விழுந்தது. உப்பும் டீசலும் ஈரத்துணியும் கலந்த வாடை. போடி ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு வாடை இருக்காது. எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் ஏலக்காய் மணக்கும். இது ஒன்றுதான் கடல் நாறும்.

பட்சணம் கொண்டுவந்திருந்த உங்கள் தங்கை கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மதினி, அது சும்மாதான கெடக்கு? எங்க வீட்டுக்காரக கெணத்துக்குள்ள எறங்கி மோட்டார் பாக்குறாக. நீச்சலும் தெரியாது. கொடுத்தீகன்னா மாட்டிக்கிருவாக."

"கொண்டு போ."

"அண்ணன் ஞாபகமா வச்சிருக்கீகளோன்னு பாத்தேன்."

"ஞாபகத்துக்குச் சட்டை எதுக்கு?"

அவள் அதை மடித்துப் பையில் திணித்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, "ஒங்களுக்கும் ஒண்ணு இருக்கும்ல? அதையும் தாங்களேன்" என்றாள்.

எனக்கு நீங்கள் வாங்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு அது நினைவில் இருக்காது.

கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு நீங்கள் போனில் பார்த்ததெல்லாம் படகுதான். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்துவார்கள். மீன் பொரிப்பார்கள், துணி காயப்போடுவார்கள், கரையோரமாகவே போய்ப் பிறகு ஒரு நாள் நடுக்கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்த காலை ஒன்றில் போனை அடுப்புக்கு நேராக நீட்டினீர்கள். "நாமளும் பழசா ஒரு கேட்டமரான் பாத்து வாங்குவோம். நீயும் நானும் மட்டும். கொச்சியில ஏறி, குமரிமுனை பாத்துட்டு, மாலத்தீவு வரைக்கும்."

எனக்குக் காதில் விழுந்தது ஒரு சொல்தான். "கட்டுமரமா? மீன்காரக நனைஞ்சுக்கிட்டே போவாகளே, அதா?"

அன்று சாயங்காலமே அது கடைத்தெருவுக்குப் போய்விட்டது. "ஏலே, எங்க வீட்டுக்காரிக்கு நாலு கட்டையக் கயித்துல கட்டிக் கொடுத்தாப் போதும்லே. அதுலயே பருப்பு வேக வச்சு ரசமும் வச்சிருவா." டீக்கடை பெஞ்சு முழுக்கச் சிரித்ததாக நீங்களே வந்து சொன்னீர்கள். கேட்டமரான் என்பதே நம் கட்டுமரம் போய் வெள்ளைக்காரர்கள் வாயில் திரும்பி வந்த சொல் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பெஞ்சு சிரித்திருக்கும்.

நீங்கள் வீடியோவில் கடலின் நிறத்தைப் பார்த்தீர்கள். எட்டாவதோடு நின்றவள் நான்; அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய படகு வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று படித்தேன். இந்தக் கேட்டமரானுக்கு உடம்பு இரண்டு. இரண்டையும் ஒரு மேல்தளம் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒற்றை உடம்புப் படகு மாதிரி ஒருபக்கம் சாயாது, அடுப்பில் வைத்த பாத்திரம் கவிழாது. ஆனால் தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால் அலை அடியிலிருந்து அறைந்துகொண்டே இருக்கும். பழசு என்றால் வெளிச்சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, பழுத்த பலாப்பழத்தைத் தட்டினாற்போல் பொத்தென்று கேட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளின் வயதைக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இருவர் மட்டும் போவதென்றால், ஒருவர் விழுந்தால் மற்றவர் தனியாகப் படகைத் திருப்பி வந்து தூக்க முடிய வேண்டும். நான் அடிக்கோடு போட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போனோம். தரகர் ஜோசேட்டன் காயலில் இரண்டு படகுகளைக் காட்டினார். ஒன்று சிறியது, கிழடு, பாய் வெளுத்துப் போயிருந்தது. மற்றது பெரியது, வெள்ளைவெளேர் என்று கல்யாண மண்டபம் மாதிரி. நீங்கள் பெரியதன் சோபாவில் உட்கார்ந்து கால் நீட்டினீர்கள். நான் சின்னதைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டினேன். கணீர் என்றது.

"சேச்சி டாக்டரா?" என்றார் ஜோசேட்டன்.

"அவ தேங்கா வாங்குனாலும் அப்பிடித்தான். கடக்காரன் அழுதுருவான்" என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டு, ரெண்டு பேர் மட்டும் போவதென்றால் ஒரு பரீட்சை உண்டு என்றார். துறைச் சுவரில் உரசாமலிருக்கப் படகின் பக்கத்தில் தொங்கவிடும் காற்றடைத்த ரப்பர் குண்டு ஒன்றை அவிழ்த்தார். சின்னப் படகைக் காயல் நடுவுக்குக் கொண்டுபோய், எந்தப் பிடியை எப்படித் திருப்புவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதைத் தண்ணீரில் எறிந்தார். "சார் வெள்ளத்துல விழுந்தாச்சு. சேச்சி ஒத்தைக்கு எடுக்கணும்."

விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஒரு கையை அந்தக் குண்டை நோக்கி நீட்டியபடியே மறு கையால் திருப்பினேன்.

"என்னடி, சாமி வந்திருச்சா?" என்றீர்கள்.

வேகத்தைக் குறைத்து, வட்டமடித்து வந்தேன். அந்தப் படகின் பின்பக்கம் தண்ணீர் மட்டம் வரை படி இறங்கும். முதல் தடவை கொக்கிக் கம்பு நழுவியது. மறுபடியும் சுற்றி வந்து எடுத்துவிட்டேன். சொட்டச் சொட்ட அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். சேலை முழுக்க ஈரம். உங்களைத் தூக்கிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை நீங்கள் பார்க்கவில்லை, பெரிய படகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பெரிய படகில் என்னால் முடியவில்லை. பக்கச் சுவர் மதில் மாதிரி உயரம். கம்பு தண்ணீரைத் தொடவே இல்லை. கயிறுகளெல்லாம் ஒரு மூலை, படகைத் திருப்பும் சக்கரம் ஒரு மூலை. ஜோசேட்டனே குண்டை எடுத்துத் தந்துவிட்டு, "இது ரெண்டு பேருக்குள்ளது இல்ல சாரே. மூணாவது ஆள் வேணும்" என்றார். தரகு அதிகம் கிடைக்கும் படகை ஒரு தரகர் வேண்டாம் என்கிறார்.

"நான் விழ மாட்டேன்யா. என்னயப் பாத்தா விழுற ஆளாத் தெரியுதா?"

"சரி, இப்ப சேச்சி விழுந்தாச்சு. சார் எடுக்கணும்." மறுபடியும் எறிந்தார்.

சக்கரம் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மைலேஜ் கேட்டீர்கள். பாயைப் புதிதாகத் தைக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டீர்கள். நான் பின்னால் நின்று, நான் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குண்டாகத் தெரிந்தேன். பிறகு தேங்காயளவு. சீனவலைகளைத் தாண்டி, பயணிப் படகு ஒன்று எழுப்பிய அலையில் ஒருமுறை எழும்பினேன். அப்புறம் காணவில்லை.

"சாரே," என்றார் ஜோசேட்டன் மெதுவாக. "சேச்சி போயி."

திரும்பிப் பார்த்தீர்கள். "போனாப் போகுது விடு சேட்டா. பழசுதான?"

இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் முகத்தை வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைந்த ரப்பருக்கு உண்டான விலையை அங்கேயே கொடுத்துத் தீர்த்தீர்கள். பெரிய படகுக்கு அட்வான்ஸும் கொடுத்தீர்கள். உங்கள் அளவுக்குப் பழைய லைஃப் ஜாக்கெட் ஒன்றும் வாங்கிக்கொண்டீர்கள்.

மலை இறங்கும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன் திருப்பல நீங்க?"

"ஒரு ரப்பர் குண்டுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே."

"அது நானுன்னு சொல்லித்தான எறிஞ்சாக?"

நேந்திரங்காய் வறுவலைப் பிரித்துத் தின்றீர்கள். அந்தப் படகில் நான் ஏற மாட்டேன் என்றேன். "நீ வராட்டி என்ன? சமைக்க ஒரு ஆள் கெடைக்காதா?" என்றீர்கள். அதற்கும் நீங்களே சிரித்துக்கொண்டீர்கள்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று வேடிக்கைக்காகத் திருப்பாமல் இருந்தீர்களா? வேடிக்கை என்றால் எனக்குப் பழக்கம்தான். உங்கள் வாய் தேள் என்று தெரிந்துதான் கூட இருந்தேன். கேலி செய்கிறவனுக்கு எதிரில் இருப்பவள் மேல் ஒரு கண் இருந்தாக வேண்டும். அந்த ஒரு கண்ணை நம்பித்தான் இத்தனை காலம் ஓட்டினேன்.

கொச்சியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள், டீக்கடையில் தோள் துண்டைப் பாய் மாதிரி விரித்துக் காற்று பிடிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தீர்கள். பக்கவாதத்தில் வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் சிரிக்கவில்லை.

உங்களைத் துடைத்தேன், புரட்டினேன், கஞ்சி ஊட்டினேன். அதையெல்லாம் இங்கே எழுதிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் செய்வதுதான். சுவரில் ஒட்டியிருந்த பெரிய படகின் படத்தை இடது கையால் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டீர்கள். நான் சொன்னேன்: "பாக்கி கட்டலைன்னு அது வேற ஆளுக்குப் போயிருச்சு. சின்னதும் போயிருச்சு."

உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. உங்கள் தங்கை என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"என்ன மதினி, கல்லா நீங்க? இருக்கு, எந்திரிச்சதும் போவோம்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? சாகக் கெடக்குறவக கிட்டப் பொய் சொன்னாப் பாவமா?"

"வெளக்கு எரியுற வீட்டுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்த வாரமே குச்சனூருக்குப் போனேன். சனீஸ்வரர் முன்னால் எள் விளக்கு ஏற்றி நேர்ந்துகொண்டேன். எல்லோரும் நினைத்தது போல நீங்கள் எழுந்து நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கை வேண்டாம், கால் வேண்டாம், இந்த மனுஷனுக்குப் பேச்சு மட்டும் கொடு சாமி என்று கேட்டேன். சனிக்கிழமை தவறாமல் போனேன். பஸ்ஸில் பார்க்கிறவர்களெல்லாம், இப்படி ஒரு பெண்டாட்டி வாய்க்க வேண்டுமே என்று சொன்னார்கள். தினமும் சாயங்காலம் விளக்கேற்றி, திருநீறு பூசிவிட்டு, உங்கள் காதுக்கருகில் குனிந்து அதையே கேட்டேன். "அன்னைக்கு ஏன் திருப்பல?"

முதலில் 'தண்ணி' வந்தது. பிறகு 'வலி'. மகன் பெயரில் பாதி வந்தது.

ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து வந்து கேட்டேன். வாய் கோணிக்கொண்டு நெடுநேரம் முயன்றீர்கள். நெற்றி வியர்த்தது.

"ம... றந்... துட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். ஒரு முழுச் சொல்லை முடிவு வரை சொல்லிவிட்ட பெருமை உங்கள் முகத்தில். நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தீர்கள். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

கேலி இல்லை. கோபமும் இல்லை. சக்கரத்தைப் பிடித்த கையோடு, நான் தண்ணீரில் கிடந்தது உங்களுக்கு மறந்துவிட்டது. விளையாட்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது; ஆனாலும் அந்தப் பொய்யை நான் நம்பியிருப்பேன்.

அதன் பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்திவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டதே, செலுத்தாமல் இருக்க முடியுமா? உங்கள் பேருக்குத்தான் அர்ச்சனை வைத்தேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் குச்சனூருக்குப் போகிறேன். உங்களை மன்னிக்கிற மனசைக் கொடு என்று கேட்கத்தான் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறேன். வரிசையில் நிற்கும்போதுகூட வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டு நகர்கிறேன். சன்னதிக்கு நேரே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கேட்டால் கொடுத்துவிடுகிற சாமி அது.