எடுத்த எடுப்பில் திக்குகிறது

பிப்ரவரி 27, வெள்ளி

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மச்சான் ஆபீஸில் கழித்துக் கட்டிய பழசு. காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வந்திருக்கிறான். நான் அவன் காரில் போனபோதெல்லாம் இந்த மரியாதை கிடைத்ததில்லை. தையல் மெஷின் இருந்த மூலையைக் காலி செய்து மேஜையைப் போட்டோம். மெஷின் இப்போது படுக்கையறை வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் முட்டியைப் பதம் பார்க்கிறது.

இவள் டியூட்டி முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, கிளம்புறதுக்கே இவ்வளவு நேரமா? என் பஸ் இதைவிடக் கிழடு. சாவி போட்டா எழுந்துக்கும்." எதைப் பார்த்தாலும் வண்டியோடு ஒப்பிடாவிட்டால் இவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இவள் ஓட்டும் பஸ்ஸில் ஒருவர் நின்றுகொண்டே டீ குடிக்கலாம். வண்டி எடுக்கும்போது ஒரு சொட்டு சிந்தாது.

கம்ப்யூட்டருக்கு இவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் என் வாய்தான். நகர ரயில் ஓட்டும் வேலைக்கு இவள் விண்ணப்பம் போட்டபோது, முடிவைத் தபாலில் அனுப்பவா, இ-மெயிலில் அனுப்பவா என்று கேட்டிருந்தது. "இ-மெயில்னு போடு, அதுதான் வேகம்" என்றேன். அப்போது வீட்டில் கால்குலேட்டர்கூட இல்லை. மச்சானைப் பிடித்து முகவரி மட்டும் முன்கூட்டியே வாங்கியாயிற்று. தேர்வெல்லாம் முடிந்து, முடிவு எந்த நாளும் வரலாம். ஆகஸ்டில் இவளுக்கு நாற்பது ஆகிறது. நாற்பது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள். அதாவது, இதுதான் கடைசி வண்டி.

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வார விடுமுறை. மச்சான் காலையிலேயே வந்து மோடத்தை மாட்டினான். போன் லைன் வழியாகத்தான் எல்லாம் வருமாம். பொத்தானை அமுக்கியதும் உள்ளே யாரோ யாரையோ திட்டுவது போல ஒரு கீச்சு, ஒரு கரகரப்பு, ஒரு நீளமான இரைச்சல். பயந்துவிட்டேன். "கவலைப்படாதீங்க மாமா, ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டு இருக்கு" என்றான். பேச்சு முடிந்து அமைதியானதும், உலகம் எங்கள் வீட்டு மூலைக்கு வந்துவிட்டது!

மெயில் ஒன்றும் வந்திருக்கவில்லை. அதனால் ஒரு ரயில் இன்ஜின் படத்தைத் திறந்தோம். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம். அப்புறம் கம்பி. அப்புறம் கூரை. டிரைவர் ஜன்னல் வருவதற்குள் ஆளுக்கொரு டீ முடிந்தது. ஜன்னலோடு படம் நின்றுவிட்டது, சக்கரம் வரவே இல்லை. ஆனாலும் காலை முழுக்க லைனை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன சுகம்!

மச்சான் மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டான், நான் லைனை விடவில்லை. இவள் வந்ததும் பாதி இன்ஜினைப் பற்றி முழுசாகச் சொன்னேன்.

மார்ச் 4, புதன்

மோடம் கிளம்பவில்லை. 'டயல் டோன் இல்லை' என்று ஒரு பெட்டி வருகிறது. போனை எடுத்துப் பார்த்தேன். ரிசீவரைக் காதுக்குக் கொண்டுவர அந்தச் சுருள் வயரின் சிக்கை இரண்டு சுற்றுப் பிரித்தாக வேண்டும். பிரித்துக் காதில் வைத்தால் டோன் கணீரென்று இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

டோன் இருக்கிறது. இல்லை என்கிறது. எங்கள் இருவரில் ஒருவருக்குக் காது டாக்டர் வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

இவளுக்கு ஞாயிறும் டியூட்டி, எனக்குக் கடை அரை நாள்தான். நானும் கம்ப்யூட்டரும் மட்டும் வீட்டில். வயரைக் கழற்றி மாட்டினேன். தலைமாற்றி மாட்டினேன். புது வயர் வாங்கி வந்து மாட்டினேன். மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்வுகூடக் கொடுத்தேன், பாவம், வயதான ஜீவன். எழுந்ததும் அதே பெட்டி.

மச்சானைப் போனில் பிடித்தேன். மோடத்தின் டிரைவர் போயிருக்கும், மறுபடி போடுங்கள் என்றான். வீட்டில் ஒரு டிரைவர் இருந்து என்ன பிரயோஜனம், இதற்குத் தனி டிரைவர் வேண்டுமாம். அவன் சொல்லச் சொல்ல அதையும் போட்டேன். மாற்றமில்லை. கடைசியில் உங்கள் லைன் சரியில்லை என்று முடித்துவிட்டான். அதே லைனில்தானே தம்பி இவ்வளவு நேரம் பேசினாய்? ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

சாயங்காலம் இவள் வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். "இன்னும் வரலை" என்றேன். பொய்யில்லை, வரவில்லைதானே. ஆனால் பார்க்கவே முடியவில்லை என்பதைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். எத்தனை நாளைக்கு?

மார்ச் 11, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கிருந்தே மெயிலைப் பார்க்கலாமாம், பாஸ்வேர்டு மட்டும் சொன்னால் போதுமாம். அதை அடித்தவன் மச்சான். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் தெரிந்த நட்சத்திரங்கள்தான். மச்சானைக் கேட்டால், "ஏதோ சுலபமாத்தான் வச்சேன் மாமா" என்கிறான். அத்தனை சுலபம், அவனுக்கே ஞாபகமில்லை.

கடைக்குத் திரும்பினால் ஒரு பெரியவர் காத்திருந்தார். போன வாரம் வாங்கிய கண்ணாடியில் உலகமே மங்கலாகத் தெரிகிறதாம், பவர் தப்பாம். கண்ணாடியை வாங்கித் துணியால் துடைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப பவர் சரியா இருக்கு" என்று சந்தோஷமாகப் போனார். என் மோடத்தை யார் வந்து துடைப்பது?

மார்ச் 14, சனி

மாட்டிக்கொண்டேன்.

நான் குளித்துக்கொண்டிருந்தபோது இவளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கியிருக்கிறாள். தலை துவட்டிக்கொண்டு வந்தால், பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வரலைன்னா எடுக்கலைன்னு அர்த்தம்னு மனசைத் தேத்திக்கிட்டேங்க. ரெண்டு நாளாத்தான் கொஞ்சம் தேறுச்சு. இப்ப மறுபடியும் ஆசை வந்துருச்சு."

ரயில் பயிற்சிப் பள்ளிக்கே போன் செய்து கேட்டுவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? நாளைக்குக் காலைல அந்த பஸ்ஸை நான் எப்படி எடுக்கிறது?"

இவளுடைய பதினான்கு வருஷத்து ஆசையை விண்ணப்பத்தில் போட்ட ஒரு டிக்கில் கொண்டுபோய் இந்தப் பழைய டப்பாவுக்குள் போட்டவன் நான். பந்தா. சுத்தப் பந்தா. கடையில் நாலு பேரிடம் 'எங்க வீட்டுக்கு மெயில் வரும்' என்று சொல்லிக்கொள்ளத்தானே?

மார்ச் 15, ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. டீ வந்தது. சர்க்கரை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

இவளுக்கு மத்தியானத்தோடு டியூட்டி முடிந்தது. சாப்பிட்டுவிட்டு, நேற்றுவரை பேசாதவள், "அந்தப் போனை நான் ஒரு தடவை பாக்கிறேன்" என்றாள். நான்தான் இரண்டு வாரமாகப் பார்த்தேனே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சிக்கு விழுந்த வயரைப் பிரிக்கிற பொறுமை இவளுக்கு என்றுமே கிடையாது. ரிசீவரைத் தூக்குவதற்குப் பதிலாகத் தலையைப் போன்மேல் சாய்த்தாள், இன்ஜின் மூடியைத் திறந்து குனிந்து கேட்பாளே, அப்படி. ரிசீவரை ஒரு விரல் அளவு மட்டும் உயர்த்தினாள். வைத்தாள். மறுபடி உயர்த்தினாள். வைத்தாள்.

"இது எடுத்த எடுப்பில திக்குதுங்க."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, டோன் நன்றாக இருக்கிறது என்றேன். என் பிடரியைப் பிடித்துத் தலையை அழுத்திப் போன்மேல் வைத்தாள். கேட்டது. முதலில் விட்டு விட்டு, விக்கல் எடுத்தாற்போல. அப்புறம் சீராக. இத்தனை நாளும் நான் வயரைப் பிரித்து முடிப்பதற்குள் விக்கல் நின்றுபோயிருக்கிறது! மோடத்துக்கு ஏது அவ்வளவு பொறுமை? விக்கலைக் கேட்டதும் இது டோனே இல்லை என்று கையை விரித்துவிட்டது. அது பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டெலிபோன் புகார்ப் பிரிவைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். இந்த மாதம் முதல் எல்லா லைனுக்கும் குரல் பெட்டி போட்டிருக்கிறார்களாம். லைன் என்கேஜ்டாக இருந்தாலோ ஆள் எடுக்காவிட்டாலோ, கூப்பிட்டவர் சொல்வதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கேட்காத செய்தி இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத்தான் டோன் விட்டு விட்டு வருமாம். "மூணு செய்தி இருக்கு சார். ஒண்ணைக்கூட நீங்க கேக்கலையே" என்றாள், ஏதோ நான் வேண்டுமென்றே கேட்காதது போல.

அவள் சொன்ன எண்ணைச் சுற்றினோம். ஒரே ரிசீவர், இரண்டு தலை.

முதல் செய்தி, மூன்றாம் தேதி காலை. ஒரு பெண் குரல். "ரயில் பயிற்சிப் பள்ளியிலேர்ந்து பேசறோம். நீங்க தேர்வாகியிருக்கீங்க, வாழ்த்துகள். மெயிலும் அனுப்பறோம். சேர்றீங்களான்னு பதினேழாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க."

மூன்றாம் தேதி காலை! நானும் மச்சானும் லைனை அடைத்துக்கொண்டு, ஜன்னல் எப்போது வரும் என்று டீ குடித்துக்கொண்டிருந்தோமே, அப்போது. ரயிலில் இருந்தே ஆள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள், நாங்கள் உள்ளே ரயில் படம் பார்த்திருக்கிறோம். மெயில் வராததற்குக் காரணம், மெயில் சொல்ல வந்த சேதியே போன் லைனில் குறுக்கே உட்கார்ந்திருந்ததுதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்.

இரண்டாவது மச்சான். "மாமா, ஊர் வந்து சேந்துட்டேன். எப்பக் கூப்பிட்டாலும் என்கேஜ்டு. படம் பாத்தது போதும், எழுந்து சாப்பிடுங்க."

மூன்றாவது, நேற்று. அதே பெண் குரல், கொஞ்சம் தயக்கமாக. பதில் வரவில்லை, நாளை ஐந்து மணிக்கு மேல் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றது.

நாளை என்றால் இன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். நாலரை தாண்டியிருந்தது.

இவள் சுற்றினாள். என்கேஜ்டு. மறுபடி. என்கேஜ்டு. "நீங்க சுத்துங்க, என் கை ராசியில்லை" என்றாள். என் கையும் அதே கதைதான். அப்போதுதான் பயந்தேன், நிஜமான பயம். இது போனால் இவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எத்தனையாவது தடவையோ, மணி அடித்தது. எடுத்தார்கள். ரிசீவரை இவள் கையில் திணித்தேன்.

வீட்டுப் புடவையில் நின்றவள், அதிகாரி முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்றாள். "வர்றேங்க. கண்டிப்பா வர்றேன்" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "பாதி இன்ஜின் பாத்தீங்களா? பாதி இன்ஜினா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் தரையில் கிடந்து சிரித்தோம். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று ஞாபகமில்லை.

டீயில் இரட்டைச் சர்க்கரை.

மார்ச் 18, புதன்

ஒரே அமுக்கு. கீச்சு, கரகரப்பு, இரைச்சல், அமைதி. மெயில் வந்து விழுந்தது, மூன்றாம் தேதி போட்டது. தெரிந்த சேதிதான். இவள் மூன்று தடவை படித்தாள், நான் அதற்கு மேல்.

போன் வயரின் சிக்கைப் பிரிக்கப் போனேன். தொடக்கூடாது என்று உத்தரவு. சிக்கு ராசியானதாம்.

ஏப்ரல் 6, திங்கள்

இவள் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நேற்று கடைசி பஸ் டியூட்டி. வழக்கமாக ஏறுகிற நர்ஸ் ஒருவர், இனிமேல் யார் எங்களை ஆட்டாமல் குலுக்காமல் கொண்டுவிடுவார்கள் என்று சண்டைக்கே வந்தாராம்.

இன்று சாயங்காலம் பயிற்சி விடுதியிலிருந்து முதல் மெயில். 'சாப்பிட்டீங்களா?' ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொண்டுவர மோடம் போட்ட கூச்சல் இருக்கிறதே!

வீடு பெரிதாகிவிட்டது. முட்டியில் இடிக்கிற தையல் மெஷின்தான் துணை.

நவம்பர் 24, செவ்வாய்

விடுமுறை நாளாக அமைந்தது என் அதிர்ஷ்டம். பயிற்சி முடிந்து வீடு வந்துவிட்ட இவள், இன்று முதல்முறையாகத் தனியாக வண்டி எடுக்கிறாள். "ஸ்டேஷனுக்கு வந்து கையாட்டாதீங்க. நான் சிக்னலைத்தான் பாப்பேன், உங்களைப் பாக்க மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன். போனேன்.

பிளாட்பாரக் கடையில் ஒரு டீ வாங்கினேன், விளிம்புவரை ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வண்டி வந்தது. வானம், கம்பி, கூரை, ஜன்னல். ஜன்னலில் இவள், சீருடையில், முன்னால் மட்டுமே பார்த்தபடி. ஜன்னலுக்குக் கீழே சக்கரமும் இருந்தது. சொன்னபடியே என்னைப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

முதல் பெட்டியில் ஏறி, உட்காராமல், டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருவர் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ளத் தள்ளி நின்றார். விசில் கேட்டது. வெளியே தூண்கள் நகர ஆரம்பித்த பிறகுதான் வண்டி கிளம்பிவிட்டதே தெரிந்தது.

டீ சிந்தவில்லை. கண்ணில் வந்ததை டீக் கணக்கில் சேர்க்கக் கூடாது.